நிறுவன விசுவாசம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஓர் உரையில் பேச்சுவாக்கில் குறிப்பிட்ட ‘குரோ நோ டெசுட்டோ கா’ என்ற ஜப்பானியப் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டேன். ‘கறுப்புச் சோதனைக் கார்’ என்று தமிழில் சொல்லலாம். 1962இல் யசுசோ மசுமுரா இயக்கியது. என் நண்பர்களில் ஒருவர்கூட இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. டைகர், யமாட்டோ என்ற இரண்டு கார் கம்பெனிகளின் உளவுச் சண்டைதான் கதை. டைகரின் ஒற்றர் பிரிவை நடத்தும் ஒனோடா என்னை உலுக்கிவிட்டார். அவருக்குக் கீழே வேலை செய்யும் அசாஹினா, எதிராளியின் புதிய காருக்கு என்ன விலை என்று தெரிந்துகொள்வதற்காகத் தன் காதலி மசாக்கோவையே எதிர்த்தரப்பு உளவாளி மவதாரியின் படுக்கைக்கு அனுப்புகிறான். கடைசியில் வேலையை உதறிவிட்டு அவளிடமே திரும்புகிறான்.

என் கேள்வி இதுதான்: மசாக்கோ அவனை ஏற்றுக்கொள்வது நம்பும்படியாக இருக்கிறதா? இரண்டாம் பகுதி கொஞ்சம் இழுவையாகத் தோன்றியது. ஆனால் ஒனோடாவின் அர்ப்பணிப்பு பிரமிக்கவைத்தது. அது சாமுராய் ரத்தம். அந்த ரத்தம் நம்மிடம் இல்லாததால்தான் நாம் இப்படி இருக்கிறோம் என்று தோன்றியது. இதுபோன்ற வேறு படங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பி.கு. நான் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேலாளர் என்னைச் சொந்தத் தம்பி மாதிரி நடத்துகிறார். பக்கத்து இருக்கை நண்பர் வேறு இடத்துக்கு இன்டர்வியூ போகிறாரா என்று கொஞ்சம் கவனித்துச் சொல்லச் சொன்னார். படம் பார்த்தபோது அது ஞாபகம் வந்தது.

எஸ்., ஓசூர்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் ஒரு பழைய டிரங்குப்பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே ஒரு மணியார்டர் கூப்பன் அகப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேறு வேலை ஓடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் கடிதம். அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுகிறேன். இரண்டாம் பகுதி இழுவை இல்லை. செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள். 95 நிமிடப் படத்தில் இழுப்பதற்கு எங்கே இடம்? இதுபோன்ற படங்கள் என்று கேட்கிறீர்கள். மசுமுராவே 1958இல் மூன்று கேரமல் மிட்டாய் கம்பெனிகளின் விளம்பரப் போட்டியை வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறார், தேடிப் பாருங்கள். பட்டியல் கேட்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு படத்தை இரண்டாம் முறை பார்க்காதவருக்குப் பத்துப் படங்களின் பெயர் எதற்கு?

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். “அது சாமுராய் ரத்தம்.” இதை எழுதும்போது உங்கள் கை கொஞ்சமும் தயங்கவில்லையா? ஒரு தேசத்தின் உழைப்பாளிகள் அத்தனை பேரையும் ஒரு சொல்லில் மூட்டைகட்டிப் பரண்மேல் வைத்துவிட்டீர்கள். மேடைப் பேச்சாளர்கள் இதைச் சொல்லலாம், அவர்களுக்குக் கைத்தட்டல் வேண்டும். நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?

பழைய ஜப்பானில் சாமுராய்கள், குடும்பத்தையும் சேர்த்து எண்ணினாலும், மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் குடியானவர்கள். 1876இல் சாமுராய்களின் வாள் ஏந்தும் உரிமையும் பறிபோனது. அந்தக் குடியானவர்களின் பெண்கள்தான் நூற்பாலைகளுக்கும் பட்டாலைகளுக்கும் போனார்கள். அவர்கள் ஆலையை நேசித்தார்களா? விடுதிச் சுவர் ஏறிக் குதித்து ஓடினார்கள். ஓடாமலிருக்க விடுதிகளைப் பூட்டிவைத்தார்கள். ஹோசோய் வாகிஸோ என்ற ஆலைத்தொழிலாளி அந்தப் பெண்களின் துயரத்தை ஒரு நூலாக எழுதி 1925இல் வெளியிட்டார், வெளியான அதே ஆண்டில் செத்தும் போனார். ஆண் தொழிலாளிகளும் அப்படித்தான். பக்கத்துப் பட்டறையில் நாலு காசு கூடக் கிடைத்தால் இடம் மாறிவிடுகிறார்கள் என்று அந்தக் காலத்து ஜப்பானிய முதலாளிகள் புலம்பித் தள்ளியிருக்கிறார்கள். உங்கள் சாமுராய் ரத்தம் அப்போது எங்கே போயிருந்தது?

போருக்குப் பிறகு நடந்தது இன்னும் தெளிவானது. 1948 ஆகஸ்டில் டோக்கியோவின் டோஹோ சினிமா ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தவர்களை வெளியேற்ற ஏறத்தாழ 2000 போலீசார் வந்தார்கள். கூடவே அப்போது ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அமெரிக்க ராணுவத்தின் டாங்கிகள், தலைக்கு மேலே விமானம். வராதது போர்க்கப்பல் மட்டும்தான் என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். அப்போது மசுமுரா, போட்டி ஸ்டுடியோவான டையேயில் உதவி இயக்குநராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 1950இல் டொயோட்டாவில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம். நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலக நேர்ந்தது. 1953இல் நிசானில் ஏறத்தாழ நூறு நாள் போராட்டம். நிர்வாகம் கதவடைப்புச் செய்தது, பழைய சங்கம் உடைந்தது, அந்த இடத்தில் நிர்வாகத்தின் ஆசியோடு இரண்டாவது சங்கம் ஒன்று எழுந்தது. சங்கத்தை உண்மையாக நேசிப்பவன் நிறுவனத்தையும் நேசிப்பான் என்பது அதன் முழக்கம். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். ரத்தத்தில் ஊறிய ஒன்றுக்கு யாராவது முழக்கம் எழுதுவார்களா?

நிசான் சங்கம் உடைந்த ஒன்பதாம் வருடம் இந்தப் படம் வருகிறது. ஒனோடா போன்றவர்களை ‘கிக்யோ சென்ஷி’, அதாவது நிறுவனப் போர்வீரர்கள் என்று ஜப்பானியர்கள் அழைக்கத் தொடங்கியதும் அந்த வளர்ச்சிக் காலத்தில்தான். அது சாமுராய் காலத்துச் சொல் அல்ல. அலுவலகம் பெற்றெடுத்த சொல், அதற்குப் பழைய கவசத்தை மாட்டிவிட்டார்கள். அதை நீங்கள் வரலாறு என்று நம்பிவிட்டீர்கள்.

அசலான போர்வீரன் ஒருவன் படத்திலேயே இருக்கிறான், அவனைக் கவனித்தீர்களா? யமாட்டோவின் மவதாரி. மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானின் க்வாண்டுங் ராணுவத்தின் முன்னாள் உளவு அதிகாரி. 1945இல் அந்த ராணுவம் இல்லாமல் போயிற்று, ஆனால் அந்த வித்தை போகவில்லை. அதைக் கார் கம்பெனி சம்பளம் கொடுத்து வாங்கிக்கொண்டது. அவனோடு மோதி மோதி ஒனோடாவும் அவனாகவே ஆகிறான். ஒனோடா பிறக்கும்போதே ஒனோடா அல்ல. படம் தொடங்கும்போதுகூட அவன் முழு ஒனோடா அல்ல. எதிராளி நிறுவனத்தின் கூட்ட அறையை எதிர்க்கட்டடத்திலிருந்து படம் பிடித்து, ஒலியில்லாத அந்தப் படத்தை உதட்டசைவு படிக்கத் தெரிந்த ஒருவருக்குப் போட்டுக் காட்டுகிறார்களே, அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். இருட்டறையில் எல்லோரும் வாயைப் பிளந்து திரையில் அசையும் வாய்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கார் செய்பவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? படம் முழுக்கக் காரைப் பற்றித்தான் பேச்சு. கார் எவன் மனத்திலாவது இருக்கிறதா? தொடக்கத்தில் கறுப்புத் துணி போர்த்திய சோதனைக் கார் கவிழ்ந்து எரிகிறது. கடைசியில் விற்பனைக்கு வந்த காரை ரயில் மோதுகிறது. நடுவில் வரைபடம், விலை, புகைப்படம், வதந்தி. அவ்வளவுதான்.

அதனால்தான் ‘அர்ப்பணிப்பு’ என்ற சொல் எனக்குக் கசக்கிறது. தச்சன் மரத்துக்கு அர்ப்பணிப்போடு இருப்பான், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒனோடா எதற்கு அர்ப்பணித்தான்? கூடவே உழைத்த ஹிராக்கி எதிராளிக்குச் செய்தி கொடுத்தவன் என்று தெரிந்ததும் அவனைச் சுற்றி நின்று பிழிகிறார்களே, அந்த மனிதன் உயிரையே மாய்த்துக்கொள்கிறானே, அதைப் பார்த்த பிறகும் அந்தச் சொல் எப்படி உங்கள் வாயில் வந்தது?

பயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானில் கார் கம்பெனிகள் அதிகம், அவற்றைச் சில குழுக்களாக ஒடுக்கிவிட வேண்டும் என்று 1961இலேயே அரசு திட்டம் போட்டது. வெளிநாட்டுக் கார்களுக்கு 1965இல் கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வருடமே பிரின்ஸ் நிறுவனம் நிசானுக்குள் கரைந்து போனது. ஒரு மாடல் கார் தோற்றால் கம்பெனியே இல்லாமல் போகலாம் என்ற பயம் பொய்யல்ல. ஆனால் பயம் ஒருவனைத் தன் காதலியின் முன்னால் போய் நின்று அந்த வார்த்தைகளைச் சொல்லவைக்க வேண்டுமென்றால், பயத்தோடு இன்னொன்றும் சேர வேண்டும். அதைச் சொல்ல எனக்கு ஜப்பான் வரலாறு தேவையில்லை. எட்டே மாதத்தில் அது என்னிடம் விளைந்தது.

1988. எனக்கு 24 வயது. சென்னையில் குழாய் வால்வுகள் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எழுத்தர் வேலை, திருவல்லிக்கேணி மேன்ஷனில் இரண்டு கட்டில் போட்ட அறை. மற்றொரு கட்டில் என் நண்பனுடையது. அவன் இன்னொரு வால்வு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் தட்டச்சில் ஹையர் தேர்வு முடித்தவன். அவன் தட்டச்சு செய்வதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடலாம், அவ்வளவு சீராக இருக்கும். மாலையில் வெளி ஆட்களுக்கு அடித்துக் கொடுக்கப் பழைய மெஷின் ஒன்றை வாங்கி அறையிலேயே வைத்திருந்தான்.

என் மேலாளர் நல்லவர். இதை அழுத்திச் சொல்கிறேன். எனக்கு டைபாய்டு வந்தபோது அவர் வீட்டிலிருந்து பதினைந்து நாள் கஞ்சி வந்தது. என்னை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார், அந்த உரிமை எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் அரசுத் துறை ஒன்றின் டெண்டர் வந்தது. கம்பெனிக்கு அது வாழ்வா சாவா என்ற நிலை. கணக்கு போட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “உன் ரூம்காரப் பையன் அங்கேதானே இருக்கிறான்?” என்றார். நான் “ஆமாம் சார்” என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை அவர். திரும்பக் கணக்கில் குனிந்துவிட்டார்.

எஸ்., அவ்வளவுதான் நடந்தது. எவரும் எனக்குக் கட்டளையிடவில்லை. அன்றிரவு அந்த மனிதருக்கு நான் என்ன செய்ய முடியும் என்று யோசித்தபோது என் நெஞ்சு பொங்கியது. அதை இன்றுவரை மறக்கமுடியவில்லை. பயம் அல்ல அது. பாசம்.

சனிக்கிழமை நண்பன் ஒரு கவரோடு வந்தான். டெண்டர் படிவம், நாலு பிரதி, திங்கள்கிழமை காலைக்குள் வேண்டும் என்றான். ராத்திரி பதினொன்றுவரை அடித்தான். முடித்ததும் பிரதிகளைச் சரிபார்த்து, அடுக்கி, கவரில் போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டினான். சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டான். எவ்வளவு பொறுப்பு பாருங்கள். கார்பன் தாள்களை மட்டும் மேசைமேல் மடித்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனான்.

பழைய கார்பன் என்றால் எழுத்துமேல் எழுத்து விழுந்து மை குழம்பிக் கிடக்கும், எதுவும் படிக்க முடியாது. சாதாரணக் கடிதங்களுக்கு அவன் ஒரு கார்பனைப் பத்துத் தடவை பயன்படுத்துவான். ஆனால் அன்று டெண்டர். எல்லாப் பிரதியும் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று தன் கைக்காசில் புதிய கார்பன் வாங்கிவந்து செருகியிருந்தான். நான் தாளை எடுத்துக்கொண்டு வராந்தா டியூப்லைட்டுக்குப் போனேன். மைப்பக்கம் எழுத்துகள் தலைகீழ்க் கண்ணாடிபோலத் தெரிந்தன. திருப்பிப் பிடித்தேன். நீலக் கருமைக்குள் வெளிச்சம் எழுத்தெழுத்தாகப் புகுந்து வந்தது. ஒரு வால்வுக்கு 148 ரூபாய் 50 காசு. விரலில் மை ஒட்டியிருந்தது. குழாயடியில் ரின் சோப்பு போட்டுக் கழுவினேன்.

நாங்கள் 147 ரூபாய் 75 காசு போட்டோம். டெண்டர் எங்களுக்கு வந்தது. மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை, தோளில் கை மட்டும் வைத்தார். அடுத்த மாதம் சம்பளத்தில் 150 ரூபாய் கூடியது. அங்கே நண்பனின் கம்பெனியில் அந்த விலையை அறிந்தவர்கள் மூன்றே பேர்: முதலாளி, அவருடைய மைத்துனரான கணக்கர், டைப்பிஸ்ட். யாரை வெளியே அனுப்புவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவன் மாதக் கடைசிவரை அறையில் இருந்தான். தன் முதலாளிக்கு யாரோ கோள் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தான். என்னைச் சந்தேகிக்கவில்லை. ஊருக்குப் போகும் அன்று என்னிடம்தான் 200 ரூபாய் கடன் கேட்டான். கொடுத்தேன். நாலு மாதம் கழித்து மணியார்டர் வந்தது. கூப்பனில் செய்தி எழுதும் சின்ன இடத்தில், “நலம். உன் உதவியை மறக்கமாட்டேன்” என்று எழுதியிருந்தான். டைப்பிஸ்டுகளுக்கே உரிய கோணல்மாணல் கையெழுத்து.

பெட்டியின் அடியில் கிடந்தது அதுதான்.

உங்கள் கேள்வியை நான் மறந்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள். மசாக்கோ அசாஹினாவை ஏற்றுக்கொள்வது நம்பும்படியாக இருக்கிறதா? அவள் முதலில் மறுக்கிறாள், பிறகு போய் அந்த விலையை எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கிறாள். தன்னிடம் என்ன கேட்கப்பட்டது, யார் கேட்டான், எதற்காகக் கேட்டான் என்று அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தவள் மன்னிக்கலாம், காறித் துப்பவும் செய்யலாம், இரண்டும் அவள் உரிமை. மசுமுரா அந்த உரிமையை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். 1958இல் எழுதிய ஒரு கட்டுரையிலேயே ஜப்பானிய சினிமாவின் இதமான சோகத்துக்கு முதுகைக் காட்டியவர் அவர். ஆசைகொண்ட, முடிவெடுக்கிற தனி மனிதர்கள் வேண்டும் என்று கேட்டவர். அதனால் அந்த முடிவைச் சமாதானம் என்று நான் பார்க்கவில்லை. அசாஹினா வேலையை விட்டான். நான் விடவில்லை. அந்த 150 ரூபாயை வாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் நண்பனுக்கு இன்றுவரை தெரியாது. போன வருடம் அவன் பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் நின்று, இவனுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்று என்று பரிமாறுகிறவனை அதட்டினான். அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. இதை இங்கே எழுதுவதற்கு முன் அவனுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்போது உங்கள் பின்குறிப்பு. படம் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் நாலு வரியில் அதை ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள். எனக்குக் கடிதம் எழுதியதே அந்த நாலு வரிக்காகத்தான் என்று நினைக்கிறேன். உங்கள் மேலாளர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் உங்களைத் தம்பி என்று அழைப்பது உண்மையாகவே இருக்கலாம், எனக்கு வந்த கஞ்சியும் உண்மையானதுதான். அதனால்தான் உங்களுக்காகப் பயப்படுகிறேன். பக்கத்து இருக்கைக்காரருக்கு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்தக் கடனுக்காக அவர் வேறு வேலை தேடுகிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மத்தியானம் அவர் டப்பாவிலிருந்துதான் நீங்கள் பொரியல் எடுத்துக்கொள்வீர்கள். மேலாளர் திரும்பவும் கேட்பார், ஏதாவது தெரிந்ததா என்று சாதாரணமாகத்தான் கேட்பார்.

தெரியாது சார் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அன்றைக்கே அந்த நண்பரை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், உங்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.